கொலாபாவில் யாரும் பார்க்காத ஒளி

2024 அக்டோபரில், சரஸ்வதி பூஜையும் விஜயதசமியும் முடிந்து, கொலுப் பொம்மைகளைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டு, தீபாவளிக்கு முன் திரும்பிவிடுவது என்ற உறுதியின் பேரில் நானும் என் சகதர்மிணியும் நார்வே நாட்டுக்குப் போய்வந்தோம். வடதுருவ ஒளியைக் கப்பலில் போய்ப் பார்ப்பதற்காகப் பிள்ளை ஏற்பாடு செய்து கொடுத்த யாத்திரை. திரும்பி வந்ததிலிருந்து சங்கத்து நண்பர்கள் எல்லோரும் கேட்பது, "பார்த்தேளா? எப்படி இருந்தது? எவ்வளவு ஆச்சு?" என்ற மூன்று கேள்விகள்தான். மூன்றாவதற்கு நேரில் பதில் சொல்கிறேன். முதல் இரண்டுக்கும் இந்தக் கட்டுரையில் பதில் உண்டு. ஆனால் எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் வேறு. துருவ வட்டத்தைத் தாண்டிப் போய் நான் தெரிந்துகொண்டது நம் மும்பை கொலாபாவைப் பற்றிய ஒரு சமாசாரம்.

மழைக்காலம் வந்தால் மும்பைவாசிகள் அனைவருக்கும் கொலாபா என்ற பெயர் வானொலியில் தினம் காதில் விழும். "கொலாபாவில் இத்தனை மில்லிமீட்டர், சாந்தாகுரூஸில் இத்தனை மில்லிமீட்டர்" என்பார்கள். கோட்டைப் பகுதி அலுவலகத்தில் முப்பத்தைந்து வருஷம் தணிக்கை வேலை பார்த்தவன் நான். கொலாபா வானிலை ஆய்வுக்கூடம் என்றால் மழை அளக்கிற இடம் என்பதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.

கப்பலில் ஐந்தாம் நாள், டிராம்ஸோ என்ற ஊரை நெருங்கும்போது, மேல்தளத்துக் கூடத்தில் ஒரு சொற்பொழிவு. பேசியவர் ஓர் இளைஞர். வடதுருவ ஒளி உண்டாகும் விதத்தைப் படம் போட்டு விளக்கிக்கொண்டு வந்தவர், திடீரென்று ஒரு கோட்டுப் படத்தைத் திரையில் காட்டினார். நேராகப் போகும் கோடு, ஓரிடத்தில் கிணற்றில் வாளியை விட்டதுபோல் தடாலென்று கீழே இறங்கி, மறுபடி ஏறுகிறது. அதன் தலைப்பில் 'கொலாபா, பம்பாய், 1859' என்று எழுதியிருந்தது. என்னவள் என் முழங்கையை இடித்தாள். சரித்திரத்தில் அறியப்பட்ட மிகப் பெரிய சூரியப் புயலின் ஆகச் சிறந்த அளவு இதுதான் என்றார் அவர். அத்துடன் விட்டிருக்கலாம். "அன்று இந்தியாவில் பம்பாய் மக்கள்கூட வானத்தில் இந்த ஒளியைக் கண்டார்கள்" என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார்.

தணிக்கைக்காரன் புத்தி சும்மா இருக்குமா? கூட்டம் முடிந்ததும் அவரிடம் போய், "அன்று அது பம்பாயில் எத்தனை மணிக்கு நடந்தது?" என்று கேட்டேன். அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். நானும் பார்க்கத் தொடங்கினேன். கப்பலில் மீதி இருந்த ஒரு வாரமும், ஊர் திரும்பிய பிறகு சில மாதங்களும் அந்தக் கேள்வியோடுதான் போயின. அதற்குள் போவதற்கு முன் அந்தக் கப்பல் வழியைப் பற்றியும் அந்த ஒளியைப் பற்றியும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் போனது ஆடம்பர உல்லாசக் கப்பல் அல்ல. பெர்கன் நகரத்தில் கிளம்பி, ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கும் கிர்கெனெஸ் வரை போய், பன்னிரண்டு நாளில் திரும்பும் வழித்தடம். வழியில் 34 துறைமுகங்கள். நடு ராத்திரியில்கூட ஏதாவது ஒரு சிற்றூரில் நின்று, சாமான் இறக்கி, நாலு பேரை ஏற்றிக்கொண்டு போகும். நம் ஊர் பாசஞ்சர் ரயில் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். உண்மையில் அது ஒரு தபால் வண்டியாகத்தான் பிறந்தது. 1890 வாக்கில் நடு நார்வேயிலிருந்து வடகோடியில் இருக்கும் ஹாமர்ஃபெஸ்ட்டுக்குக் கடிதம் போட்டால், கோடையில் மூன்று வாரம் ஆகுமாம். பனிக்காலத்தில் ஐந்து மாதம் வரை ஆகுமாம். பாறையும் தீவுமான கடற்கரை. வெளிச்சக் கம்பங்கள் சொற்பம். குளிர்காலத்தில் சூரியனே கிடையாது. இரவில் கப்பல் ஓட்ட முடியாது என்று பெரிய கம்பெனிகள் ஒதுங்கிக்கொண்டன. ரிச்சர்ட் வித் என்ற கேப்டன் மட்டும், முடியும் என்றார். அவரும் ஆண்டர்ஸ் ஹோல்ட்டே என்ற வழிகாட்டி மாலுமியும் பல வருஷமாக ஒவ்வொரு திருப்பத்துக்கும் திசை, வேகம், நேரம் மூன்றையும் குறித்து வைத்திருந்தார்கள். திசைகாட்டியும் கடிகாரமும் இருந்தால் போதும், கண் வேண்டாம் என்பது அவர்கள் கணக்கு. 1893 ஜூலை 2ஆம் தேதி வெஸ்டெராலன் என்ற நீராவிக் கப்பல் டிரோன்ஹெய்மில் கிளம்பி மூன்றாம் நாள் ஹாமர்ஃபெஸ்ட்டை அடைந்தது. கடிதம் வாரங்களிலிருந்து நாட்களுக்கு வந்துவிட்டது. 1898இல் தெற்கே பெர்கன் வரை வழியை நீட்டினார்கள்.

இந்த மனிதர்கள் இரவெல்லாம் துருவ ஒளிக்கு அடியில்தான் கப்பல் ஓட்டினார்கள். அவர்களுக்கு அது வேடிக்கை அல்ல. அந்த ஒளி பலமாக ஆடும் இரவுகளில் திசைகாட்டியின் ஊசி நிலைகொள்ளாமல் அசையும் என்ற விஷயம் அதற்குள் உலகத்துக்குத் தெரிந்துதான் இருந்தது. அது தெரியவந்த கதைதான் எனக்கு மிகவும் பிடித்தது.

அதற்கு முன் மனிதர்கள் பலவிதமாக யோசித்திருக்கிறார்கள். கி.பி. 1250ஐ ஒட்டி நார்வேயில் எழுதப்பட்ட 'அரசனின் கண்ணாடி' என்ற நூல், தகப்பனும் பிள்ளையும் பேசிக்கொள்வதாக அமைந்தது. நம் உபநிஷத்துகளில் பிள்ளை கேட்கத் தந்தை சொல்வதில்லையா, அந்த பாணி. கிரீன்லாந்தில் தெரியும் இந்த ஒளிக்கு அதில் தந்தை மூன்று காரணம் சொல்கிறார்: பூமியைச் சூழ்ந்த கடலுக்கு அப்பால் எரியும் நெருப்பு, அடிவானத்துக்குக் கீழே இருக்கும் சூரியனின் கதிர், பனிக்கட்டிகள் வெளிவிடும் வெளிச்சம். மூன்றில் எது சரி என்று அவர் அடித்துப் பேசவில்லை. கடைசியாகச் சொன்னதுதான் தமக்கு அதிகம் பொருத்தமாகப் படுகிறது என்பதோடு நிறுத்திக்கொள்கிறார். எழுநூற்றைம்பது வருஷத்துக்கு முன் இத்தனை அடக்கம்! வடகோடியின் சாமி பழங்குடி மக்களோ, அந்த ஒளியைப் பார்த்துச் சீட்டி அடிக்கக் கூடாது, அது இறங்கி வந்துவிடும் என்று குழந்தைகளுக்குச் சொல்லி வைத்திருக்கிறார்கள்.

'அரோரா' என்ற பெயர் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், கலிலியோ காலத்தில் ஏற்பட்டது. ரோமானியர்களின் விடியல் தேவதையின் பெயர் அது. நம் வேதத்து உஷஸ் என்ற சொல்லும் அரோரா என்ற லத்தீன் சொல்லும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்பது மொழியியலாளர் எல்லோரும் ஒப்புக்கொண்ட விஷயம். நடு ராத்திரியில் வடக்கே தோன்றுவதற்கு அருணோதயம் என்று பெயர் வைத்தது பொருத்தமோ இல்லையோ, பெயர் என்னவோ நம் சொந்தக்காரிதான்.

1741இல் ஸ்வீடனில் உப்சாலா நகரில், வெப்பமானியால் நமக்கெல்லாம் பெயர் தெரிந்த செல்சியஸும் அவருடைய மைத்துனர் ஹியோர்ட்டரும் ஒரு நீண்ட காந்த ஊசியை வைத்துக்கொண்டு மணிக்கு மணி அதன் நிலையைக் குறித்து வந்தார்கள். அலுப்புத் தட்டும் வேலை. ஹியோர்ட்டர் ஆயிரக்கணக்கான குறிப்புகள் எடுத்தார். வானத்தில் துருவ ஒளி வந்த இரவுகளில் ஊசி தாறுமாறாக நகர்வதை அவர் கண்டார். உடனே லண்டனில் கிரஹாம் என்ற கருவி நிபுணருடன் கடிதம் மூலம் ஏற்பாடு செய்துகொண்டு பார்த்ததில், அந்த வருஷம் ஏப்ரல் 5ஆம் தேதி இரண்டு ஊர்களிலும் ஊசி ஒரே சமயத்தில் ஆடியிருந்தது தெரிந்தது. அதாவது அந்த ஒளி ஏதோ ஓர் ஊர் வானத்துச் சமாசாரம் அல்ல. பூமி முழுவதையும் அசைக்கிற ஒன்று. கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தவர்களுக்கு எத்தனை நூற்றாண்டானாலும் இது தெரிந்திருக்காது. பதிவேடு எழுதியவருக்குத் தெரிந்தது.

இனி கொலாபா. 1826இல் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கே ஓர் ஆய்வுக்கூடம் கட்டியது. கப்பல்களின் கடிகாரங்களைச் சரிபார்க்கவும், கடற்பயணத்துக்கு உதவவும் ஏற்பட்டது அது. 1830களில் ஜெர்மனியில் கௌஸ் என்ற கணித மேதை, உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் பூமியின் காந்தத்தை அளக்க வேண்டும் என்று ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். அதில் பிரிட்டிஷாரும் சேர்ந்தார்கள். கம்பெனியின் பங்காகச் சென்னை, சிம்லா, சிங்கப்பூர், பம்பாய் ஆகிய இடங்களில் காந்தப் பதிவு தொடங்கியது. மற்ற மூன்றும் நாளடைவில் சோர்ந்துவிட்டன. 1841இல் தொடங்கிய கொலாபா மட்டும் நிற்கவில்லை.

வேலை இதுதான். இருட்டறையில் நூலில் தொங்கவிட்ட ஒரு காந்தம். எதிரே சிறு தொலைநோக்கி. அதன் வழியாக அளவுகோலின் எண்ணைப் படித்துப் பேரேட்டில் எழுத வேண்டும். மணிக்கு ஒரு தரம், இரவும் பகலும். ஊசி வழக்கத்துக்கு மாறாக அசையத் தொடங்கினால், சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் என்று அடிக்கடி படிக்க வேண்டும். தானாகப் பதியும் கருவி அப்போது அங்கே கிடையாது. ஆள் தூங்கினால் பூமி அசைந்தது யாருக்கும் தெரியாது. முறைபோட்டு உட்கார்ந்து எழுதிய உதவியாளர்கள் யாரும் துருவ ஒளியைக் கண்டதில்லை. அவர்கள் காணக்கூடிய இடத்திலும் இல்லை.

1859 செப்டம்பர் 1ஆம் தேதி இங்கிலாந்தில் ரெட்ஹில் என்ற ஊரில் ரிச்சர்ட் காரிங்டன் என்பவர் தம் சொந்த ஆய்வுக்கூடத்தில் சூரியனின் கரும்புள்ளிகளைப் படம் வரைந்துகொண்டிருந்தார். காலை 11 மணி 18 நிமிஷத்துக்கு, அந்தப் புள்ளிக் கூட்டத்தின் மேல் கண் கூசும் இரண்டு வெள்ளை ஒளித் திட்டுகள் தோன்றின. சாட்சிக்கு ஆள் கூப்பிட ஓடி, ஒரு நிமிஷத்துக்குள் திரும்பி வந்தால், அவை மங்கிவிட்டிருந்தன. ஐந்து நிமிஷத்தில் எல்லாம் முடிந்தது. சுமார் பதினேழரை மணி நேரம் கழித்து, பூமியின் காந்தமே குலுங்கியது. கியூபா, ஹவாய் வரை வானம் சிவந்தது. தந்திக் கம்பிகளில் தானாக மின்சாரம் ஓடியது. அமெரிக்காவில் பாஸ்டனுக்கும் போர்ட்லாண்டுக்கும் இடையே தந்திக்காரர்கள் பாட்டரியைக் கழற்றிவிட்டு, அந்தத் துருவ ஒளி மின்சாரத்திலேயே இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பியிருக்கிறார்கள்.

வடக்கத்திய நாடுகளில் இருந்த கருவிகளில் ஊசி அளவுகோலைத் தாண்டிப் போய்விட்டது. எவ்வளவு என்று சொல்ல முடியவில்லை. அன்று அளவு தவறாமல் கிடைத்த இடம் கொலாபா. பூமத்திய ரேகைக்கு ஓரளவு பக்கத்தில் இருப்பதால் ஊசி அங்கே அளவுகோலுக்குள்ளேயே நின்றது; எழுத ஆளும் இருந்தார். காந்தப்புலத்தின் கிடைமட்ட பலம் சுமார் 1600 நானோடெஸ்லா இறங்கியதாக அந்தப் பேரேடு சொல்கிறது. இதை உலகம் தெரிந்துகொள்ள 144 வருஷம் ஆயிற்று. 2003இல் அமெரிக்காவின் சுருட்டானி, பிரேசிலின் கொன்சாலெஸ் ஆகியோருடன் நம் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் லக்கினாவும் அலெக்ஸும் சேர்ந்து பழைய பதிவுகளை எடுத்துக் கணக்கிட்டு வெளியிட்டார்கள். கப்பலில் நான் பார்த்த கோட்டுப் படம் அதுதான்.

கணக்கு என்று வந்தால் ஒரு குறையையும் சொல்லிவிட வேண்டும். ஒரே நிலையத்தில் ஒரு கணத்தில் எடுத்த அளவு அது. மணிக்கணக்கில் சராசரி எடுத்தால் ஏறக்குறைய பாதியாகக் குறைகிறது என்று பின்னால் வாதம் எழுந்தது. ஆகட்டும். 1989 மார்ச்சில் கனடாவின் கியூபெக் மாகாணத்தில் அறுபது லட்சம் பேரை ஒன்பது மணி நேரம் இருட்டில் தள்ளிய புயலின் அளவு 589தான். பாதியாகக் குறைத்தாலும் 1859 அதைவிடப் பெரியது. இன்று செயற்கைக்கோள்களையும் மின்சாரத் தொகுப்புகளையும் காப்பாற்றுவதற்கு, 'எவ்வளவு பெரிய அடி விழலாம்' என்று கணக்குப் போடுகிறவர்கள் அந்தக் கொலாபாப் பேரேட்டைத் தொடாமல் போக முடிவதில்லை.

சரி, என் கேள்விக்கு வருகிறேன். கப்பல் அறையிலேயே காகிதத்தில் போட்ட கணக்கு இது. அன்றைய பம்பாய் உள்ளூர் நேரம் கிரீன்விச்சுக்கு 4 மணி 51 நிமிஷம் முன்னால் இருந்தது. காரிங்டன் கண்டது 11.18 என்றால் பம்பாயில் அப்போது மாலை 4.09. அதோடு பதினேழரை மணி நேரம் கூட்டுங்கள். மறுநாள், அதாவது செப்டம்பர் 2ஆம் தேதி, காலை 9.40 சுமார். ஊசி அதலபாதாளத்தில் இருந்தது முற்பகலில். பட்டப்பகல்! அடுத்த சில மணி நேரத்தில் பெரும்பகுதி மீண்டும் ஏறிவிட்டது. பம்பாய்க்காரர்கள் அப்போது வானத்தில் எதைப் பார்த்திருக்க முடியும்?

அப்படியானால் அந்த இளைஞர் சொன்னது கட்டுக்கதையா என்றால், அதுவும் இல்லை. வருஷத்தை மாற்றிச் சொல்லிவிட்டார், அவ்வளவுதான். பம்பாய் வானத்தில் துருவ ஒளி தெரிந்தது உண்மை. அது 1872 பிப்ரவரி 4ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சூரியன் அஸ்தமித்த பின் வானத்தில் அந்த ஒளி தெரிந்ததையும், ஏடனுக்குப் போகும் கடலடித் தந்தி பல மணி நேரம் பாதிக்கப்பட்டதையும் அந்த வாரமே பம்பாய்ப் பத்திரிகை எழுதியிருக்கிறது. சூடானின் கார்ட்டூம் வரைக்கும்கூடத் தெரிந்தது. 2023இல் ஜப்பானின் ஹயகாவாவும் பல நாட்டு ஆராய்ச்சியாளர்களும் இந்த 1872 புயலைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், அதன் அளவு சுமார் 834 என்று கணக்கிட்டார்கள். அதற்கும் கொலாபாவின் பதிவே ஆதாரம். ஆக, பம்பாய் கண்ணால் கண்ட புயல் ஒன்று. காணாமலே எழுதி வைத்த புயல் வேறொன்று. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி எழுதுகிறவர்கள் நிறையப் பேர். மறுநாள் காலை உணவின்போது என் காகிதத்தை அந்த இளைஞரிடம் காட்டினேன். இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். "அடுத்த பயணத்திலிருந்து திருத்திக்கொள்கிறேன்" என்றார். நல்ல பிள்ளை.

ஒளிக்கும் சூரியனுக்கும் உள்ள தொடர்பைச் சோதித்துக் காட்டத் துணிந்தவர் நார்வேக்காரரான கிறிஸ்டியன் பிர்க்லாண்ட். எங்கள் கப்பல் ஹாமர்ஃபெஸ்ட்டுக்குச் சற்று முன் ஆல்ட்டா என்ற ஃபியோர்டின் வாயைக் கடந்தது. உள்ளே ஹால்டே என்ற மலையில் 900 மீட்டர் உயரத்தில் அவர் 1899இல் ஆய்வுக்கூடம் கட்டினார். (நம் கொடைக்கானல் சூரிய ஆய்வுக்கூடத்தின் பிறந்த வருஷமும் அதுதான்.) அதற்கு இரண்டு வருஷம் முன் இடம் தேடிப் போன பயணத்தில் பனிப்புயலில் சிக்கி, உடன் போன ஹெல்லாண்ட்-ஹான்சன் என்ற மருத்துவ மாணவர் விரல் நுனிகளை இழந்தார். இனி அறுவை வைத்தியம் செய்ய முடியாது என்று அவர் கடலாராய்ச்சிக்குப் போய் அதில் பெரும் பெயர் எடுத்தது தனிக் கதை. மலைமேல் கழித்த முதல் குளிர்காலத்தில் எலிசர் போயே என்ற உதவியாளர் பனிச்சரிவில் மாண்டார். இந்த ஒளிக்கு இப்படியும் விலை கொடுத்திருக்கிறார்கள்.

பிர்க்லாண்டின் கருத்து, சூரியனிலிருந்து மின்துகள்கள் வருகின்றன, பூமியின் காந்தம் அவற்றைத் துருவங்களுக்கு இழுத்துவிடுகிறது என்பது. காற்றை வெளியேற்றிய கண்ணாடிப் பெட்டிக்குள் காந்தம் வைத்த ஒரு சிறு பூகோளத்தைத் தொங்கவிட்டு, மின்துகள்களைப் பாய்ச்சி, அதன் துருவங்களைச் சுற்றி ஒளி வளையம் தோன்றுவதைக் கண்முன்னே காட்டினார். பணத்துக்கு என்ன செய்தார் தெரியுமா? காற்றிலுள்ள நைட்ரஜனை மின்பொறியால் பிடித்து உரம் செய்யும் முறையை ஐடே என்ற பொறியாளருடன் கண்டுபிடித்து, 1905இல் நோர்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி பிறக்கக் காரணமானார். ஏழு முறை நோபல் பரிசுக்கு முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. 1917இல் டோக்கியோவில், சொந்த ஊருக்குத் திரும்பும் வழியில் காலமானார். பிரிட்டிஷ் அறிஞர்கள் அவர் சொன்னதை ஐம்பது வருஷம் ஏற்றுக்கொள்ளவில்லை. செயற்கைக்கோள்கள் மேலே போய் அந்த மின்னோட்டங்களை நேரில் அளந்த பிறகுதான் ஏற்றார்கள். பின்னாளில் நார்வே அவர் முகத்தை 200 குரோனர் நோட்டில் போட்டது. ஹால்டே கட்டிடத்தை 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை எரித்தது. ஹாமர்ஃபெஸ்ட்டில் ஒரே ஒரு சிறு இடுகாட்டுக் கோயில் தவிர ஒரு கட்டிடத்தையும் மிச்சம் வைக்கவில்லை.

ஏன் இலையுதிர் காலத்தில் போக வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கோடையில் அங்கே இருட்டே கிடையாது. நடுக்குளிர்காலத்தில் இருட்டு உண்டு, ஆனால் புயலும் பனியும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. பகலும் இரவும் சமமாகும் மார்ச், செப்டம்பர் மாதங்களை ஒட்டிக் காந்தக் கலக்கம் அதிகம் என்பது 19ஆம் நூற்றாண்டிலேயே பதிவேடுகளில் தெரிந்திருந்தது. காரணத்தை 1973இல் ரஸ்ஸல், மெக்ஃபெரான் என்ற இருவர் விளக்கினார்கள். சூரியக் காற்று தன்னோடு ஒரு காந்தப்புலத்தைக் கொண்டுவருகிறது. அது தெற்கு நோக்கி இருந்தால் பூமியின் காந்தக் கவசத்தில் கதவு திறக்கும். பூமியின் சாய்வு அந்த மாதங்களில் கதவு திறப்பதற்கு வசதியாக அமைகிறது.

ஆனால் பாருங்கள், 2024இல் அந்தக் கதவு அகலத் திறந்தது அக்டோபர் 10ஆம் தேதி இரவு. உலகமெங்கும் வானம் சிவந்த அன்று நாங்கள் மும்பையில் கொலுவுக்கு வந்தவர்களுக்குச் சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்தோம். அதே வருஷம் மே 10, 11 தேதிகளில் இன்னும் பெரிய புயலின்போது லடாக்கின் ஹான்லேயில் நம் இந்திய ஆய்வுக்கூடத்துக் காமிராக்கள் செந்நிற வானத்தைப் படம் பிடித்தன. லட்சக்கணக்கில் செலவழித்து நார்வே போவானேன், ஹான்லேயில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே என்று என்னவள் இன்றும் சொல்கிறாள்.

நாங்கள் பார்த்தது இரண்டு இரவுகள். முதல் நான்கு நாட்கள் மேகமும் மழையும். துருவ வட்டத்தைத் தாண்டிய காலை, கப்பல் சிப்பந்திகள் எல்லோர் பிடரியிலும் ஐஸ் தண்ணீர் ஊற்றியதுதான் மிச்சம். ஆறாம் நாள் இரவு, ஐரோப்பாவின் வடமுனையைத் தாண்டிய பிறகு, கப்பலின் ஒலிபெருக்கி அழைத்தது. ஸ்வெட்டர், அதன் மேல் கோட்டு, அதன் மேல் நான் கொண்டுபோன காசி சால்வை எல்லாவற்றையும் சுற்றிக்கொண்டு மேல்தளத்துக்கு ஓடினோம். பௌர்ணமி கழிந்து மூன்றாம் நாள். நிலா வெளிச்சம் வேறு. வடக்கே சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஒரு வில். பக்கத்தில் நின்றவர்களின் செல்போன் படங்களில் மட்டும் பச்சைப் பசேலென்று இருந்தது. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணுக்கு நிறம் பிரிக்கத் தெரியாது; காமிராவுக்குத் தெரியும். அதிலும் என் கண் எழுபது வயதுக் கண். "ஏன்னா, இதுக்கா நவராத்திரி முடிஞ்ச கையோட இவ்வளவு தூரம் வந்தோம்?" என்றாள். நான் பதில் சொல்லவில்லை. எனக்கும் அதே எண்ணம்தான்.

திரும்பும் வழியில் எட்டாம் நாள் இரவு, ஷெர்வோய் என்ற சிறு துறைமுகத்தை விட்டு இரண்டு மணி நேரம் கழித்து, மறுபடி அழைத்தார்கள். இந்தத் தடவை அவள் வர மறுத்துவிட்டாள். பருப்புப்பொடியும் தயிருமாக ஒரு வாய் சாதம் கிடைத்த திருப்தியில் போர்வைக்குள் இருந்தாள். நான் மட்டும் போனேன். போன இரண்டாம் நிமிஷம் திரும்பி ஓடிவந்து கதவைத் தட்டினேன். நேர் தலைக்கு மேல், கோயில் திரைச்சீலையை இருபுறமும் பிடித்து உதறினால் எப்படி அலை ஓடுமோ அப்படி, பச்சை நிறத்தில் ஓர் ஒளி ஓடிக்கொண்டிருந்தது. கீழ் விளிம்பில் மெல்லிய ரோஜா நிறம். இதைக் கண்ணால் பார்த்தேன், செல்போனில் அல்ல. பச்சை, நூறு கிலோமீட்டருக்கு மேல் உள்ள பிராணவாயு. கீழ் விளிம்பு நைட்ரஜன். அந்த நூறு கிலோமீட்டர் என்ற கணக்கை 1910இல் ஸ்டோர்மர் என்பவர், தொலைபேசியில் பேசிக்கொண்டே இரண்டு ஊர்களிலிருந்து ஒரே நொடியில் படம் பிடித்துப் போட்டார் என்பதெல்லாம் சொற்பொழிவில் கேட்டதுதான். அந்த நிமிஷத்தில் ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. பதினைந்து நிமிஷம் இருந்திருக்கும். அவள் கை கூப்பியபடி நின்றாள். கப்பலில் அத்தனை பேர் இருந்தும் ஒரு சத்தமில்லை.

தீபாவளிக்கு நான்கு நாள் முன்னதாக வீடு வந்து சேர்ந்தோம். கொலாபாக் கதையின் மீதியை இங்கே வந்துதான் தேடிப் பிடித்தேன். பம்பாயில் குதிரை டிராம்களுக்குப் பதில் மின்சார டிராம் விடுவதென்று நகரம் முடிவு செய்தபோது, தண்டவாளத்து மின்சாரம் காந்த ஊசியைக் கெடுத்துவிடும் என்று தெரிந்தது. அப்போது கொலாபாவின் இயக்குநர் நானாபாய் மூஸ். அந்தப் பதவிக்கு வந்த முதல் இந்தியர். அவர் விட்டுக்கொடுக்கவில்லை. கடலுக்கு அக்கரையில் அலிபாகில், இரும்பு சேராத போர்பந்தர் கல்லால் புதிய கட்டிடம் எழுப்பி, 1904இல் அங்கே பதிவைத் தொடங்கினார். இரண்டு வருஷம் இரண்டு இடத்திலும் ஒரே சமயத்தில் அளந்து, கணக்கு ஒத்துப்போகிறது என்று உறுதி செய்த பிறகே கொலாபாவின் காந்த அறையை மூடினார். 1907இல்தான் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. தணிக்கை செய்தவன் என்ற முறையில் அந்த இரண்டு வருஷத்துக்காகவே மூஸ் அவர்களுக்கு நான் நமஸ்காரம் செய்வேன்.

தை மாதத்தில் ஒரு நாள் கேட்வேயில் படகு ஏறி, மாண்ட்வாவில் இறங்கி, பஸ்ஸில் அலிபாக் போனேன். முன் அனுமதி வாங்காததால் வாசலோடு நின்று பார்த்துவிட்டு வந்தேன். மும்பையில் 1964 மார்ச் 31ஆம் தேதியோடு டிராம் நின்றுவிட்டது. அலிபாகில் ஊசியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.